இது யாருடைய பாட்டு? கவர் பாடல்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கில பாப் பாடல்களில் ஒன்று பிடித்துப்போய்த் தேடினால், அதே பெயரில் நாலைந்து பேர் பாடியிருப்பார்கள். எது முந்தியது, எது பிந்தியது, பணம் யாருக்கு, பெயர் யாருக்கு என்று குழப்பம் தொடங்கும். நண்பர்கள் வட்டத்தில் பாட்டுப் பைத்தியம் என்று பெயரெடுத்துவிட்டதால் இந்தக் கேள்விகள் என்னிடம்தான் வந்து சேர்கின்றன. ஒரே இடத்தில் எழுதி வைத்தால் தொண்டை மிச்சமாகும். என் விருப்பு வெறுப்புகளும் இதில் கலந்திருக்கின்றன என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கவர் பாடல் என்றால் என்ன?

ஒருவர் பாடி வெளியிட்ட பாட்டை இன்னொருவர் தம் குரலில், தம் வாத்தியக்காரர்களோடு புதிதாகப் பதிவு செய்வது. சொல்லும் மெட்டும் பழையவை, பதிவு மட்டும் புதியது.

சொல்லின் பிறப்பு அத்தனை கௌரவமானதல்ல. அமெரிக்க இசைத்தட்டு வணிகத்தில் ஒரு கம்பெனியின் பாட்டு விற்கத் தொடங்கியதும், போட்டிக் கம்பெனி தன்னிடம் இருக்கும் பாடகரை அழைத்து அதே பாட்டை அவசர அவசரமாகப் பதிவு செய்து கடைக்கு அனுப்பும். வாடிக்கையாளர் கேட்கும் சரக்கு நம்மிடமும் இருக்க வேண்டும் என்ற கடைக்காரக் கணக்கு. அந்தத் தந்திரத்துக்கு வைத்த பெயரைத்தான் இன்று அஞ்சலிக்கும் அன்புக்கும் சேர்த்துப் பயன்படுத்துகிறோம்.

அப்படியானால் கர்நாடகக் கச்சேரியில் பாடுவதெல்லாம் கவர்தானே?

கேள்வி குறும்பாக இருந்தாலும் நல்ல கேள்வி. தியாகராஜர் கீர்த்தனையை யார் பாடினாலும் யாரும் அதைக் கவர் என்பதில்லை. அதற்கு 'முதல் பதிவு' என்று ஒன்று கிடையாது, அவ்வளவுதான் காரணம். தியாகராஜர் குரல் எப்படி இருந்தது என்று தெரிந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும். பாட்டு ஒரு குறிப்பிட்ட குரலோடு ஒட்டிக்கொண்டது ஒலிப்பதிவு வந்த பிறகுதான். அதற்கு முன் அமெரிக்காவிலும் பாட்டு என்றால் கடையில் வாங்கும் அச்சடித்த இசைக்குறிப்பு. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பியானோவில் வைத்து யார் வேண்டுமானாலும் பாடுவார்கள்.

நம் கல்யாண மண்டபத்து மெல்லிசைக் குழுக்கள் இன்னொரு வகை. அங்கே "ஒரிஜினல் மாதிரியே பாடினார்" என்பதைவிடப் பெரிய பாராட்டு இல்லை. பாப் கவர் உலகில் அதே வாசகம் வசவு.

ரீமிக்ஸ், சாம்பிள், கவர் எல்லாம் ஒன்றா?

இல்லை. ரீமிக்ஸ் என்பது பழைய பதிவையே எடுத்துக் கலைத்து அடுக்குவது. சாம்பிள் என்பது பழைய பதிவிலிருந்து ஒரு துண்டை வெட்டி வேறு பாட்டில் ஒட்டுவது. இலங்கைத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த மாயா அருள்பிரகாசம் (எம்.ஐ.ஏ.) பாடிய 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டில் பின்னால் ஓடுவது 'தி கிளாஷ்' குழுவின் 1982ஆம் ஆண்டுப் பதிவு ஒன்றின் துண்டு. பாட்டு புதியது, துணி பழையது.

தமிழ் சினிமாவில் இந்தச் சொற்களை நாம் தாராளமாகக் கையாள்கிறோம். 'சொர்க்கம்' (1970) படத்தின் 'பொன்மகள் வந்தாள்' பாட்டை 'அழகிய தமிழ்மகன்' (2007) படத்தில் புதுக் குரலோடு மீண்டும் போட்டபோது ரீமிக்ஸ் என்றுதான் எல்லோரும் எழுதினார்கள். கறாராகப் பார்த்தால் அது கவர். மாறாக 'நியூ' (2004) படத்தில் வாலியின் பழைய 'தொட்டால் பூ மலரும்' வரிகளுக்கு ரகுமான் வேறு மெட்டுப் போட்டார். அது கவர் அல்ல. மெட்டு மாறினால் பாட்டே மாறிவிட்டது.

மூலத்தைவிடக் கவர் சிறப்பாக இருக்க முடியுமா?

முடியும். அதற்கு நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான்: பாட்டில் 'நான்' என்று சொல்கிறவர் மாறிவிட்டாரா? குரல் மட்டும் மாறியிருந்தால் அது நல்ல பயிற்சி. பேசுகிற ஆளே மாறி, அதே சொற்கள் வேறு ஒருவரின் வாக்குமூலம் ஆகிவிட்டால், அது நல்ல கவர்.

ஓட்டிஸ் ரெட்டிங் 1965இல் எழுதிப் பாடிய 'ரெஸ்பெக்ட்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உழைத்துக் களைத்து வீடு திரும்பும் கணவன், வீட்டிலாவது எனக்கு மரியாதை கொடு என்று மனைவியிடம் கேட்கிறான். 1967 பிப்ரவரி 14 அன்று நியூயார்க்கில் அரேத்தா ஃபிராங்க்ளின் அதே பாட்டைப் பதிவு செய்தபோது கேட்பவள் மனைவியாகிவிட்டாள். அந்தச் சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்துப் பாடும் பகுதி ரெட்டிங்கின் பதிவில் இல்லை. பின்னணியில் அரேத்தாவின் சகோதரிகள் துரத்தித் துரத்திப் பாடுவதும் இல்லை. நடுவில் வரும் சாக்ஸஃபோன் பகுதியும் புதிதாகச் சேர்த்ததுதான். கறுப்பின உரிமைப் போராட்டமும் பெண்களின் குரலும் உயர்ந்துகொண்டிருந்த அந்த ஆண்டுகளில், பாட்டு ஒரு வீட்டின் சமையலறையை விட்டு வெளியே வந்துவிட்டது. அந்த ஜூனில் மான்டரே இசைவிழா மேடையில், ஒரு பெண் என் பாட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள் என்று ரெட்டிங்கே வேடிக்கையாகச் சொல்லிவிட்டுத்தான் பாடினார். டிசம்பரில் விமான விபத்தில் இறந்துபோனார். வயது 26.

ஜானி கேஷ் பாடிய 'ஹர்ட்' இன்னொரு சாட்சி. 'நைன் இன்ச் நெயில்ஸ்' குழுவுக்காக டிரென்ட் ரெஸ்னர் எழுதி 1994இல் வெளிவந்தபோது அது தன்னையே வெறுக்கும் ஓர் இளைஞனின் பாட்டு. 2002இல் எழுபது வயதான கேஷ், ரிக் ரூபினின் தயாரிப்பில் அதைப் பாடினார். ஏறக்குறைய ஒரு வரிதான் மாறியது. மூலத்தில் கிரீடத்தோடு ஒரு மலச்சொல் வரும், பக்தரான கேஷ் அதை முள்கிரீடம் ஆக்கினார். மற்றபடி சொற்கள் அப்படியே இருந்தும் பாட்டு ஒரு கிழவரின் கணக்கு முடிப்பாக மாறிவிட்டது. மார்க் ரோமனெக் எடுத்த வீடியோவில், மூடிக் கிடக்கும் கேஷ் அருங்காட்சியகத்தின் பாழடைந்த அறைகளும், படியில் நின்று கணவரைப் பார்க்கும் ஜூன் கார்ட்டரும் வருவார்கள். 2003 மே மாதம் ஜூன் போனார், செப்டம்பரில் கேஷ். முதலில் தயங்கிய ரெஸ்னர், வீடியோவைப் பார்த்த பிறகு இது இனி என் பாட்டு அல்ல என்ற அளவுக்கு இறங்கி வந்தார்.

பாப் டிலனின் 'ஆல் அலாங் தி வாட்ச்டவர்' (1967) பாட்டை ஜிமி ஹென்றிக்ஸ் அடுத்த ஆண்டே மின்சாரக் கித்தாரில் புயலாக்கினார். அதன் பிறகு டிலனே மேடையில் அதை ஹென்றிக்ஸ் பக்கம் சாய்த்துத்தான் வாசிக்கிறார். மாணவன் திருத்திய விடைத்தாளை ஆசிரியர் பார்த்து எழுதுவது போல.

பாடகர் ஆணாகவோ பெண்ணாகவோ மாறினால் வரிகளையும் மாற்ற வேண்டுமா?

முன்பு மாற்றுவார்கள். 'அவன்' வரும் இடத்தில் 'அவள்' போட்டுவிடுவார்கள், சில சமயம் எதுகை உடைந்து பல்லிளிக்கும். மாற்றாமல் விடுவதே பெரும்பாலும் அழகு என்பது என் கட்சி.

டிரேசி சாப்மன் 1988இல் வெளியிட்ட 'ஃபாஸ்ட் கார்' ஓர் இளம்பெண்ணின் கதை. குடிகாரத் தந்தையைப் பார்த்துக்கொள்ளப் படிப்பை விட்டவள், கடையில் கல்லாவில் வேலை பார்க்கிறவள், வேகமான ஒரு காரில் ஏறித் தப்பித்துவிட நினைக்கிறவள். 2023இல் கன்ட்ரி (அமெரிக்கக் கிராமிய இசை வகை) பாடகர் லூக் கோம்ப்ஸ், தாடியும் தொப்பியுமாக இருக்கும் பருத்த மனிதர், அதைப் பாடினார். கல்லாவில் நிற்கும் பெண் பெண்ணாகவே இருந்தாள். சிறுவயதில் அப்பாவின் காசெட்டில் கேட்ட பாட்டு அது, அதில் கை வைக்க அவருக்கு மனம் வரவில்லை. பாட்டு அமெரிக்க ஹிட் பாடல் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. சாப்மனின் மூலம் 1988இல் தொட்டது ஆறாம் இடம். 2023இல் கன்ட்ரி இசைச் சங்கத்தின் சிறந்த பாடல் விருது பாட்டை எழுதிய சாப்மனுக்குப் போனது. அந்த விருதை ஒரு கறுப்பினப் படைப்பாளி பெறுவது அதுவே முதல் முறை. 2024 பிப்ரவரியில் கிராமி மேடையில் இருவரும் சேர்ந்து பாடினார்கள். பல ஆண்டுகளாக மேடைப் பக்கமே தலைகாட்டாத சாப்மன் கித்தாரின் முதல் சுரங்களை மீட்டியபோது கோம்ப்ஸின் முகத்தைப் பாருங்கள். கோயில் கர்ப்பக்கிருகத்துக்கு முன் நிற்கிறவர் போல இருக்கும்.

நேர் எதிரான உதாரணமும் உண்டு. 'கேர்ள்ஸ் ஜஸ்ட் வான்ட் டு ஹேவ் ஃபன்' பாட்டை 1979இல் எழுதியவர் ராபர்ட் ஹசார்ட், ஓர் ஆண். அவர் வாயில் அது பெண்களைப் பற்றிய ஆணின் பெருமையடிப்பு. சிண்டி லாப்பர் 1983இல் சில வரிகளை மாற்றிப் பாடியதும் பெண்களின் கொடிப்பாட்டு ஆனது. அங்கே மாற்றியதுதான் சரி.

நான் மூலம் என்று நினைத்த பாட்டுகள் எவையெல்லாம் கவர்?

மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். நட்டாலி இம்ப்ரூலியாவின் 'டோர்ன்' (1997) முதலில் டேனிஷ் மொழியில் 1993இல் வெளிவந்தது. ஜோன் ஜெட்டின் 'ஐ லவ் ராக் அண்ட் ரோல்', 'தி ஆரோஸ்' குழு 1975இல் பாடியது. சினேட் ஓ'கானரின் 'நத்திங் கம்பேர்ஸ் டு யூ', பிரின்ஸ் எழுதி 'தி ஃபேமிலி' என்ற குழு 1985இல் வெளியிட்டு ஒருவரும் கவனிக்காமல் விட்டது. 'கில்லிங் மீ சாஃப்ட்லி' ஃப்யூஜிஸ் குழுவுடையது என்பார்கள் சிலர், ராபர்ட்டா ஃபிளாக்குடையது என்பார்கள் மூத்தவர்கள். முதலில் பாடியவர் லோரி லீபர்மன், 1972இல். விமானப் பயணத்தில் அதைக் கேட்டுத்தான் ஃபிளாக் பிடித்துக்கொண்டார். பீட்டில்ஸ் தொண்டை கிழியப் பாடிய 'ட்விஸ்ட் அண்ட் ஷௌட்' பாட்டும் அவர்களுடையது அல்ல. ஐஸ்லி பிரதர்ஸ் அதை 1962இல் பாடிவிட்டார்கள், அதற்கும் முந்தைய ஆண்டு இன்னொரு குழு பாடிக் கெடுத்திருந்தது.

'ஹாலேலூயா' பாட்டை ஏன் எல்லோரும் பாடுகிறார்கள்?

எல்லோரும் பாடுவதால்தான் எல்லோரும் பாடுகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அதன் வழி சுவாரஸ்யமானது.

லெனார்ட் கோஹன் ஆண்டுக்கணக்கில் எழுதி அடித்து எழுதி 1984இல் வெளியிட்ட பாட்டு இது. அது இருந்த ஆல்பத்தை அவருடைய அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனி வெளியிடவே மறுத்துவிட்டது. 1991இல் கோஹனுக்கான அஞ்சலி ஆல்பம் ஒன்றுக்காக ஜான் கேல் இதைப் பாட விரும்பி வரிகளைக் கேட்டார். கோஹன் ஃபேக்ஸில் அனுப்பினார், பதினைந்து பக்கம். கேல் அதிலிருந்து தமக்குப் பிடித்த சரணங்களைப் பொறுக்கிக்கொண்டார். அந்த வடிவத்தைக் கேட்ட ஜெஃப் பக்லி 1994இல் தம் ஆல்பத்தில் பாடினார். ஆக, உலகம் இன்று பாடுவது கோஹனின் பாட்டை அல்ல, கேல் தொகுத்த பாட்டை, பெரும்பாலும் பக்லியின் மூச்சில். கவரின் கவர். பக்லி 1997இல் மெம்ஃபிஸ் அருகே ஆற்றில் மூழ்கி இறந்தார். பாட்டு பரவியதை அவர் பார்க்கவில்லை.

2008 கிறிஸ்துமஸ் வாரத்தில் பிரிட்டிஷ் பட்டியலில் முதலிடம் தொலைக்காட்சிப் போட்டியில் வென்ற அலெக்ஸாண்ட்ரா பர்க்கின் 'ஹாலேலூயா'. இரண்டாமிடம் பக்லியின் 'ஹாலேலூயா'. எழுதிய கோஹன் 36ஆம் இடத்தில். நம் தேவாலயங்களில் அல்லேலூயா கேட்டு வளர்ந்தவர்கள் இதைத் தோத்திரப் பாடல் என்று நினைத்துக் கல்யாணத்தில் பாடிவிடுகிறார்கள். நடுச் சரணங்களில் என்ன நடக்கிறது என்று ஒருமுறை நிதானமாகப் படித்துவிட்டுப் பாடுவது நல்லது.

கவர் பாட அனுமதி வாங்க வேண்டுமா?

அமெரிக்காவில், பாட்டு ஒருமுறை உரியவரின் சம்மதத்தோடு பதிவாகி வெளியாகிவிட்டால், அதன்பின் யார் வேண்டுமானாலும் அதைப் பாடி ஒலிப்பதிவாக வெளியிடலாம். எழுதியவர் தடுக்க முடியாது, சட்டம் சொன்ன தொகையைக் கட்டினால் போதும். இந்த விநோதமான ஏற்பாட்டுக்குக் காரணம் தானாக வாசிக்கும் பியானோ. துளையிட்ட காகிதச் சுருளை மாட்டினால் அதுவே பாட்டு வாசிக்கும். அந்தச் சுருள் பாட்டின் 'பிரதி' ஆகாது, இசையமைப்பாளருக்குக் காசு தர வேண்டியதில்லை என்று 1908இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடுத்த ஆண்டே சட்டம் போட்டுக் காசு தரச் செய்தார்கள். ஒரே கம்பெனி எல்லாப் பாட்டையும் வளைத்துப்போட்டுவிடுமோ என்ற பயமும் இருந்ததால், யார் கேட்டாலும் கொடுத்தாக வேண்டும் என்று சேர்த்து எழுதினார்கள். பிரதி ஒன்றுக்கு 2 சென்ட். அந்த 2 சென்ட், இரண்டு உலகப் போர்களையும் ராக் அண்ட் ரோலையும் தாண்டி 1978 வரை அசையவில்லை. 2023இல் அது 12 சென்ட் ஆனது.

இதில் இரண்டு வரம்புகள். உங்களுக்கு ஏற்றபடி வாத்தியம், தாளம் மாற்றலாம், ஆனால் அடிப்படை மெட்டையும் பாட்டின் இயல்பையும் மாற்றக்கூடாது. அதோடு, இந்த உரிமை ஒலிக்கு மட்டும். படத்தோடு சேர்த்தால் தனி அனுமதி வேண்டும்.

இந்தியாவில் என்ன சட்டம்?

பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவு. 2012 திருத்தத்தில் வந்தது. பாட்டு முதலில் பதிவான ஆண்டு முடிந்து ஐந்து காலண்டர் ஆண்டுகள் கழிய வேண்டும். முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்து, ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டியை முதலிலேயே கட்ட வேண்டும். உறையில் பழைய பாடகரின் பெயரோ படமோ இருக்கக்கூடாது, இது கவர் பதிவு என்று அச்சிட வேண்டும். இன்றியமையாத மாற்றத்துக்கு மேல் சொல்லிலும் இசையிலும் கை வைக்கக்கூடாது.

ஏன் இத்தனை கறார்? முன்பிருந்த சட்டம் இத்தனை கடுமையாக இல்லை. எண்பதுகளில் டி-சீரீஸ் நிறுவனம் பழைய இந்திப் பாடல்களைப் புதிய குரல்களில் பாட வைத்து மலிவு காசெட்டாக நாடெங்கும் குவித்தது அந்தச் சட்டத்தின் நிழலில்தான். உறையைப் பார்த்து முகமது ரஃபி என்று வாங்கி, வீட்டில் போட்டால் வேறு யாரோ பாடுவார்.

வீட்டிலிருந்து பாடி யூடியூபில் போட்டால் வழக்கு வருமா?

பெரும்பாலும் வழக்கு வராது. தளத்தின் கணினி பாட்டை அடையாளம் கண்டுபிடிக்கும். உரிமையாளர் விரும்பினால் வீடியோவை நீக்கலாம், அல்லது விட்டுவைத்து விளம்பர வருமானத்தைத் தாம் எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது. கரோக்கே தடத்தைப் பின்னணியாகப் போட்டுப் பாடுகிறீர்கள் என்றால் அந்தத் தடமும் ஒருவருடைய பதிவு என்பதை மறக்க வேண்டாம்.

கவர் வெற்றி பெற்றால் பணம் யாருக்கு?

ஒவ்வொரு பதிவிலும் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. பாட்டு ஒன்று, பதிவு ஒன்று. மனையும் வீடும் மாதிரி. கவர் பாடுகிறவர் அடுத்தவர் மனையில் வீடு கட்டுகிறார். வீட்டு வாடகை அவருக்கு, மனைக்கான குத்தகை எழுதியவருக்கு.

அமெரிக்க வானொலியில் வீட்டு வாடகையும் கிடையாது. அங்கே சாதாரண ஏ.எம்., எஃப்.எம். வானொலி, பாட்டை எழுதியவருக்கு மட்டும்தான் பணம் தருகிறது, பாடியவருக்கு இல்லை. அரேத்தாவின் 'ரெஸ்பெக்ட்' அரை நூற்றாண்டாக ஒலிபரப்பானதில் பணம் போனது ரெட்டிங்கின் குடும்பத்துக்கு. இணைய, செயற்கைக்கோள் வானொலியில் பாடகருக்கும் பங்கு உண்டு என்று பின்னாளில் சட்டம் வந்தது. அதிலும் 1972க்கு முந்தைய பதிவுகள் விடுபட்டன. அந்த ஓட்டையை அடைத்த சட்டம் 2018 அக்டோபரில் கையெழுத்தானது. அரேத்தா அந்த ஆண்டு ஆகஸ்டில் இறந்துவிட்டார்.

'டெய்ன்டட் லவ்' பாடிய 'சாஃப்ட் செல்' இருவர் கதை சிரிப்பும் அழுகையும். 1981இல் அவர்கள் போட்ட தட்டு உலகெங்கும் விற்றது. அது குளோரியா ஜோன்ஸ் அறுபதுகளில் பாடிய பழைய பாட்டு. சரி, தட்டின் பின்பக்கத்திலாவது சொந்தப் பாட்டு ஒன்றைப் போட்டிருந்தால் எழுதியவர் பங்கு வந்திருக்கும். அங்கும் இன்னொரு கவரைப் போட்டார்கள்.

டாலி பார்ட்டன் எல்விஸுக்குப் பாட்டு தர மறுத்தார் என்பது உண்மையா?

உண்மை. இந்தப் பக்கத்தில் நான் அதிகம் ரசித்துச் சொல்லும் கதையும் இதுதான்.

போர்ட்டர் வாகனர் என்ற பிரபல பாடகரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஏழு ஆண்டுகள் பாடிய பார்ட்டன், தனியாகப் போக விரும்பினார். வாகனர் விடவில்லை, வாக்குவாதம் தீரவில்லை. பேசித் தீராததைப் பாட்டாக எழுதி, மறுநாள் அவர் எதிரிலேயே பாடினார்: 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ'. வாகனர் அழுதுவிட்டு, போகச் சம்மதித்தார். ஆகவே இது காதலனைப் பிரியும் பாட்டு என்று நினைத்தவர்கள் திருத்திக்கொள்ளலாம், வேலையை ராஜினாமா செய்யும் பாட்டு. 1974இல் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது.

எல்விஸ் பிரஸ்லி அதைப் பாட ஆசைப்பட்டார். பார்ட்டனுக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. பதிவுக்கு முன் எல்விஸின் மேலாளர் கர்னல் டாம் பார்க்கர் அழைத்தார். எல்விஸ் பாடும் பாட்டு என்றால் வெளியீட்டு உரிமையில் பாதி எங்களுக்கு, அது எங்கள் வழக்கம் என்றார். பார்ட்டன் மறுத்துவிட்டு இரவெல்லாம் அழுததாகச் சொல்லியிருக்கிறார். எல்விஸுக்கு இல்லை என்று சொல்ல 1970களில் எத்தனை பேருக்குத் துணிவு இருந்திருக்கும்?

1992இல் 'தி பாடிகார்டு' படத்துக்கு விட்னி ஹூஸ்டன் பாட வேண்டிய பாட்டு வேறு. அது இன்னொரு படத்தில் வந்துவிட்டதால், கதாநாயகன் கெவின் காஸ்ட்னர் இந்தப் பாட்டைக் கொண்டுவந்தார். தொடக்கத்தில் வாத்தியமே வேண்டாம், வெறும் குரல் போதும் என்றும் அவர்தான் அடம்பிடித்தார். இசைத்தட்டுக் கம்பெனிக்குப் பிடிக்கவில்லை, வானொலியில் எடுபடாது என்றார்கள். தயாரிப்பாளர் டேவிட் ஃபாஸ்டர் கையில் இருந்தது லிண்டா ரான்ஸ்டட் பாடிய வடிவம், அதில் கடைசிச் சரணம் இல்லை. பார்ட்டனிடம் தொலைபேசியில் பேசியபோதுதான் ஒரு சரணம் விடுபட்டிருப்பது தெரிந்து, சேர்த்துக்கொண்டார். பாட்டு 14 வாரங்கள் அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்தது. காரில் போகும்போது வானொலியில் முதன்முதலாகக் கேட்ட பார்ட்டன் வண்டியை எங்காவது மோதியிருப்பேன் என்கிறார். அந்த ராயல்டியில் ஒரு பகுதியைக் கொண்டு நாஷ்வில் நகரில் கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் ஒரு கட்டடத்தை வாங்கினார். ஹூஸ்டன் கட்டிய வீடு என்றுதான் அதைச் சொல்வார். பார்க்கர் கேட்டதைக் கொடுத்திருந்தால் அதில் பாதிச் செங்கல் அவருடையதாகியிருக்கும்.

இரண்டு வடிவங்களில் எது சிறந்தது என்று கேட்டால், ஹூஸ்டனின் குரல் மலை. ஆனால் விடைபெறுகிறவள் அப்படி முழங்க மாட்டாள், முணுமுணுப்பாள். என் ஓட்டு 1974க்கு.

வெள்ளையர்கள் கறுப்பினப் பாடகர்களின் பாட்டைத் திருடினார்கள் என்கிறார்களே?

ஐம்பதுகளில் பல வானொலி நிலையங்கள் கறுப்பினப் பாடகர்களை ஒலிபரப்பத் தயங்கின. ஆகவே அவர்கள் பாட்டு வந்த சில வாரங்களில் வெள்ளைப் பாடகரின் பதிவு ஒன்று வரும், அது அதிகம் விற்கும். பேட் பூன் இதில் பேர்பெற்றவர். ஃபேட்ஸ் டாமினோவின் 'எய்ன்ட் தட் எ ஷேம்' பாட்டை 1955இல் பாடி முதலிடம் பிடித்தார். தலைப்பு இலக்கணப் பிழை என்று அவருக்கு உறுத்தல் வேறு, 'இஸன்ட்' என்று திருத்தப் பார்த்தார். தெம்மாங்கைச் செந்தமிழாக்குவது போல. டாமினோ அந்தப் பாட்டை எழுதியவர்களில் ஒருவர் என்பதால் அவருக்கும் பணம் வந்தது. பாடகராக மட்டும் இருந்தவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. 'ஹவுண்ட் டாக்' பாட்டை எல்விஸுக்கு மூன்று ஆண்டுகள் முன்பே ஹிட்டாக்கிய பிக் மாமா தார்ன்டன், தமக்கு மொத்தமாக வந்தது 500 டாலர் காசோலை ஒன்றுதான் என்றார்.

திருட்டு என்ற சொல் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. பொருந்துகிற இடம் ஒன்று சொல்கிறேன். சாலமன் லிண்டா, ஜூலு இனத்தவர், ஜோஹன்னஸ்பர்க்கில் கேலோ இசைத்தட்டுக் கம்பெனியில் எடுபிடி வேலை. 1939இல் தம் குழுவோடு அங்கேயே 'ம்பூபே' என்ற பாட்டைப் பதிவு செய்தார். ம்பூபே என்றால் சிங்கம். உரிமைக்காக அவருக்குக் கிடைத்தது பத்து ஷில்லிங் என்பார்கள். தட்டு கடல் கடந்து அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகரின் கைக்கு வந்தது. 'உயிம்பூபே' என்று அவர்கள் பாடியது சீகரின் காதில் 'விமோவே' என்று விழுந்தது. அப்படியே தம் குழுவோடு பாடினார், ஹிட்டானது. 1961இல் ஆங்கில வரிகள் சேர்ந்து, 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்' ஆகி, 'தி டோக்கன்ஸ்' பாடி முதலிடம் பிடித்தது. அடுத்த ஆண்டு லிண்டா ஏழையாக இறந்தார். கல்லறைக்குக் கல் வைக்கவே 18 ஆண்டுகள் ஆயின.

1994இல் டிஸ்னியின் சிங்கப் படத்திலும் பாட்டு வந்தது. பிரிட்டிஷ் பேரரசின் பழைய பதிப்புரிமைச் சட்டத்தில், ஆசிரியர் இறந்து 25 ஆண்டுகள் ஆனதும் உரிமை வாரிசுகளுக்குத் திரும்பும் என்று ஒரு விதி தூங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்பித்தான் லிண்டாவின் மகள்கள் வழக்குப் போட்டார்கள். 2006இல் சமரசம். 1987 முதல் கணக்கிட்டு அவர்களுக்குப் பங்கு வந்தது.

கவர் மட்டுமே பாடிப் பிழைத்த கலைஞர்கள் உண்டா?

நிறைய, பெரும்பாலும் பெயரில்லாமல். பிரிட்டனில் 1968 முதல் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' என்ற மலிவு ஆல்பங்கள் வந்தன. அந்த மாதத்து ஹிட் பாடல்களை முகம் தெரியாத ஸ்டுடியோ பாடகர்கள் அச்சு அசலாகப் பாடுவார்கள். இப்படிப்பட்ட மலிவு ஆல்பங்களில் கூலிக்குப் பாடிய இளைஞர்களில் ஒருவர் பிற்பாடு எல்டன் ஜான் என்று புகழ்பெற்றார். இங்கே சோனு நிகம், ரஃபி பாடல்களைக் காசெட்டுகளுக்குப் பாடித்தான் முதலில் காதில் விழுந்தார்.

சென்னைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அண்ணா சாலை சஃபையர் திரையரங்க வளாகத்தில் 'நைன் ஜெம்ஸ்' என்ற இரவு விடுதியில், அறுபதுகளின் இறுதியில் பட்டுப் புடவை கட்டிய ஓர் இளம்பெண் ஆங்கில பாப் பாடல்களைக் கனத்த குரலில் பாடினார். பம்பாயில் பிறந்த தமிழ்ப் பெண் உஷா ஐயர், இன்றைய உஷா உதுப். அவருடைய ஆரம்பகாலத் தட்டுகளில் 'ஜம்பலாயா', 'கிரீன்பேக் டாலர்' ஆகியவை எல்லாம் அமெரிக்கப் பாட்டுகளின் கவர்கள்தாம். மேல்நாட்டுப் பாட்டுக்கு மேல்நாட்டு உடை வேண்டும் என்று அன்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். அவர் புடவையை மாற்றவில்லை. 'நான்' மாறுவது பற்றி மேலே சொன்னேனே, அதை ஒரு காஞ்சிப் பட்டும் செய்யும்.

தன் பாட்டையே கவர் செய்ய முடியுமா?

டெய்லர் ஸ்விஃப்ட் அதைத்தான் செய்தார். 2019இல் அவருடைய பழைய பதிவுகளின் உரிமை அவர் விரும்பாத கைக்குப் போனது. பாடல்களை எழுதியவர் அவரே என்பதால் மனை அவரிடம் இருந்தது. 2021 முதல் 2023 வரை நான்கு ஆல்பங்களை மறுபடி பதிவு செய்து, பக்கத்திலேயே புது வீடு கட்டினார். ரசிகர்கள் குடிமாறினார்கள். 2025இல் பழைய வீட்டையும் வாங்கிவிட்டார்.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

'ம்பூபே'யின் 1939ஆம் ஆண்டுப் பதிவிலிருந்து. இணையத்தில் கிடைக்கிறது, மூன்று நிமிடத்துக்கும் குறைவு. சிங்கம் தூங்குகிறது என்று உலகமே பாடும் அந்த மெட்டு லிண்டா போகிற போக்கில் இழுத்துவிட்டது. பாட்டு முடியப்போகும் நேரத்தில்தான் வரும், அதற்குள் எழுந்து போய்விடாதீர்கள்.